வலி நின்றது, வியாதி நின்றதா?

பகலெல்லாம் சாதுவாக இருந்த பல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தன் கச்சேரியை ஆரம்பிக்கிறது. தலையணையில் தலை சாய்த்தால் 'விண் விண்' என்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கிறீர்கள்; மாத்திரை விழுங்குகிறீர்கள். இப்படிச் சில இரவுகள். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் வலியையே காணோம்! "அப்பாடா, சனியன் தொலைந்தது" என்று பெருமூச்சு விடுகிறீர்கள்.

சற்றுப் பொறுங்கள். தொலைந்தது வலி மட்டுமாக இருக்கலாம். பல்லின் உயிரும் அதோடு போயிருக்கலாம். பல் டாக்டரிடம் அவசியம் போக வேண்டிய சமயம் இதுதான்.

பல்லுக்கு உயிர் உண்டா?

உண்டு. மேலே தெரிகிற எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் பல்லின் நடுவே ஒரு சிறு அறை இருக்கிறது. அதில் மெத்தென்ற சதை, இரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் உண்டு. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் வேர் நுனிவரை இறங்குகின்றன. மேல் முன்பல்லுக்கு வழக்கமாக ஒரு குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நாலு.

சொத்தை அந்த அறையை எட்டிவிட்டால் உள்ளே சதை வீங்குகிறது. காலில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் ஏது இடம்? நாலு பக்கமும் கெட்டிச் சுவர்! அதனால்தான் அந்தப் பிராணாவஸ்தை. கடைசியில் சதையும் நரம்பும் செத்துப் போகின்றன. வலியைச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் கிருமிகள் அங்கேயே குடித்தனம் நடத்தி, வேர் நுனி வழியாகத் தாடை எலும்புவரை தொல்லையைக் கொண்டு போகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. ஈறில் சின்னக் கொப்புளம் தோன்றி, உடைந்து, மறுபடியும் தோன்றுவது இதற்கு ஓர் அடையாளம்.

"கிருமியைக் கொல்ல மாத்திரை சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். மருந்து இரத்தத்தோடு அல்லவா போக வேண்டும்? செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் ஏது? மாத்திரையால் வீக்கம் வடியலாம்; மூலகாரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

எலிகள் சொன்ன சாட்சி

1910-ல் வில்லியம் ஹன்ட்டர் என்ற லண்டன் வைத்தியர் கனடாவிலுள்ள மான்ட்ரீல் நகரில் ஒரு பிரசங்கம் செய்தார். கிருமி பிடித்த பற்களின்மேல் தங்கத்தை வைத்து மூடுவதை வெளுத்து வாங்கினார். அதன் பலன் என்ன தெரியுமா? மூட்டு வலி முதல் பல வியாதிகளுக்கும் பல்தான் காரணம் என்று பழி சுமத்தி, வெகு காலம் பற்களைக் கண்டபடி பிடுங்கித் தள்ளினார்கள். அந்தப் பழி பிற்பாடு ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை.

1965-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் எலிகளின் பற்களைத் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குச் சதை அழுகிச் சீழ் வைத்தது. கிருமியே இல்லாத சூழ்நிலையில் வளர்த்த எலிகளுக்கோ, துளையில் தீனி போய் அடைத்துக் கொண்டபோதும் காயம் ஆறிவிட்டது! குற்றவாளி பல் அல்ல, கிருமிதான் என்று ருசுவாயிற்று. கிருமியை வெளியேற்றினால் பல்லைக் காப்பாற்றலாம் என்பதே 'ரூட் கெனால்' சிகிச்சையின் தத்துவம்.

டாக்டர் என்ன செய்கிறார்?

முதலில் எக்ஸ்ரே. பிறகு மரத்துப் போக ஊசி. எச்சில் உள்ளே போகாதபடி பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரை மாட்டுவது நல்ல முறை. 1864-ல் நியூயார்க் பல் வைத்தியர் பார்னம் கண்டுபிடித்த யுக்தி அது. பல்லின் மேற்புறம் சிறு துவாரம் செய்து, ஊசி போன்ற அரங்களால் குழாய்களைச் சுரண்டி, கிருமிநாசினியால் அலம்புகிறார். சுத்தமான குழாயைக் கட்டபர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார். மலேயா காட்டு மரத்துப் பாலில் செய்வது அது. 1851-ல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதுவே!

ஒரே நாளில் முடிவதும் உண்டு. இரண்டு மூன்று தடவை போக வேண்டியும் இருக்கும். முதல் தடவையிலேயே வலி குறைந்துவிட்டது என்று பாதியில் நின்று விடாதீர்கள். திறந்த கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவது போன்றது அது. கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மேலே ஓர் உறையும் போட வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கைக் கடிக்கும்போது பல்லே பிளந்து போகக்கூடும்.

எந்தப் பல்லையும் காப்பாற்றி விடலாம் என்பதில்லை. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, உறை போடக்கூடப் பல் மிஞ்சாவிட்டாலோ எடுப்பதுதான் வழி. ஆனால் "தொல்லை விட்டது" என்று அவசரப்பட்டுப் பிடுங்கினால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயலாம். எதிர்ப் பல் இறங்கி வரலாம்.

தாய்மார்கள் கவனிக்க

குழந்தைக்கு ஆறு வயது சுமாரில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. ஆயுளுக்கும் அது ஒன்றுதான். அதில் கறுப்புப் புள்ளி கண்டால் அப்போதே காட்டுங்கள். சொத்தை ஆழமாக இறங்குமுன் அடைத்து விட்டால் இத்தனை வைத்தியமும் வேண்டியிராது.

இன்னும் இரண்டு விஷயம். வலிக்கிற பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக் கொள்ளாதீர்கள். ஈறு வெந்து போகும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் அடித்து, வாயைத் திறக்கவோ, விழுங்கவோ, மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஆகையால் வலிக்கும்போது மட்டுமல்ல, வலி திடீரென்று நின்றுவிட்டாலும் பல்லைக் காட்டுங்கள். சிரிப்பதற்கு அல்ல, டாக்டரிடம்தான்!