குழாய் வாயிலில் ஒரு செயற்கூறு

காற்றும் நீரும் குருதியும் ஓடும் முறையைக் கூறும் சமன்பாடுகளைப் பிரெஞ்சுப் பொறியாளர் நேவியர் 1822இல் வகுக்கத் தொடங்கினார். ஸ்டோக்ஸ் 1845இல் அவற்றைத் தெளிவுற நிறுவினார். எளிய சில நேர்வுகளைத் தவிர, அச்சமன்பாடுகளைத் தாளில் தீர்க்க இயலாது. ஆகவே, பாய்மம் ஓடும் இடத்தைப் பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் திசைவேகத்தையும் அழுத்தத்தையும் கணினி கணக்கிடுகிறது. இதனைப் பாய்ம ஓட்டப் பாவனையாக்கம் என்பர்.

சமன்பாடுகளைத் தீர்ப்பது மென்பொருளின் பணி. ஆனால், குழாயின் வாயிலில் நீர்மம் எவ்வாறு நுழைகிறது என்பதை அது தானாக அறியாது. எங்கும் ஒரே வேகத்தில் நுழைகிறதா, நடுவில் விரைந்தும் ஓரத்தில் தயங்கியும் நுழைகிறதா, நாடித்துடிப்பைப்போல ஏறி இறங்குகிறதா என்பதைப் பயனரே கூற வேண்டும். ஃபெனிக்ஸ் என்னும் திறந்தமூல மென்பொருளில் பயனர் இதனைப் பைத்தான் மொழியில் ஒரு செயற்கூறாக எழுதித் தரலாம்.

1 சென்டிமீட்டர் ஆரமுள்ள நேரான குழாயில் எண்ணெய் மெதுவாக ஓடுவதாகக் கொள்வோம். வரிச்சீர் ஓட்டத்தில் திசைவேகம் பரவளைய வடிவில் அமையும். மையத்தில் பெருமம், சுவரில் சுழி. மையத்திலிருந்துள்ள தொலைவைக் குழாயின் ஆரத்தால் வகுத்து, அதன் இருமடியை ஒன்றிலிருந்து கழித்து, பெரும வேகத்தால் பெருக்கினால் அவ்விடத்து வேகம் கிடைக்கும். செயற்கூற்றின் உடலில் எழுத வேண்டியது இந்த ஒரே வரிதான். 'டெஃப்' என்னும் சிறப்புச்சொல் செயற்கூற்றைத் தொடங்கும். 'ரிட்டர்ன்' விடையைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டையும் மாற்ற இயலாது. ஆனால், செயற்கூற்றுக்கும் மாறிகளுக்கும் 'வாயில்வேகம்', 'ஆரம்' எனத் தமிழிலேயே பெயரிடப் பைத்தான் 3 இடந்தருகிறது. வாயிலின் புள்ளிகள் ஒவ்வொன்றாக அன்றி ஒரே அணியாக வந்து சேரும். நம்பை நூலகம் அவ்வணி முழுவதற்கும் ஒருசேரக் கணக்கிடுவதால் விரைவு கூடுகிறது.

பெரும வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர் எனில், சராசரி அதில் பாதி, அதாவது 0.2 மீட்டர். விநாடிக்கு ஏறத்தாழ 63 மில்லிலிட்டர் எண்ணெய் நுழையும்.

இப்போது, புள்ளிகளின் தொலைவு மீட்டரில் வர, ஆரத்தை மட்டும் சென்டிமீட்டரில் எண்ணி 1 என எழுதிவிட்டதாகக் கொள்வோம். கழிக்கப்படும் பகுதி எங்கும் பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டாது. பரவளையம் தட்டையாகிவிடும். வாயில் முழுவதும் 0.4 மீட்டர் வேகம். நுழையும் எண்ணெய் ஏறத்தாழ 126 மில்லிலிட்டர், சரியாக இரு மடங்கு! மென்பொருள் பிழைச்செய்தி எதனையும் காட்டாது. இலக்கணப் பிழை இருந்தால்தானே அது காட்டும்? மேலும், குழாயில் சற்றுத் தொலைவு சென்றதும் ஓட்டம் தானே பரவளையமாகிவிடும். வண்ணப்படம் குறையின்றித் தோன்றும். அதனை நம்பி எக்கி வாங்குபவர் தேவைக்கு மிஞ்சியதை வாங்குவார்.

ஆதலால், செயற்கூற்றை மென்பொருளிடம் ஒப்படைக்குமுன் தனியே இயக்கிப் பார்த்தல் நன்று. மையத்தில் 0.4, சுவரில் சுழி எனக் கிடைக்கிறதா? வாயில் முழுவதும் கூட்டினால் 63 மில்லிலிட்டர் வருகிறதா? கட்டங்கள் பெரியனவாயின் சிறு வேறுபாடு இருக்கும். இரு மடங்கு வேறுபாடு இராது.

பாவனை முடிந்தபின் அழுத்த இழப்பையும் சரிபார்க்கலாம். இதற்குரிய விதியைக் கண்டவர்களுள் ஒருவரான பாய்சொய், குருதியோட்டத்தை அறிய விரும்பி நுண்குழாய்களில் ஆய்வு செய்த மருத்துவர். அவர் விதிப்படி, ஆரம் பாதியானால், அதே அளவு நீர்மத்தைச் செலுத்தப் பதினாறு மடங்கு அழுத்தம் வேண்டும். சுருங்கிய குருதிக்குழாயின் பாவனையாக்கத்தில், ஆரம் என்னும் அந்த ஓர் எண்ணை மருத்துவக் குழுவினர் மீண்டும் மீண்டும் அளப்பது இதனால்தான்.