சபை முடங்கிய நாளிலேயே மசோதா நிறைவேறுவது எப்படி?

மார்ச் 31-க்குள் மத்திய அரசின் அடுத்த ஆண்டுச் செலவுக்கு நாடாளுமன்றம் வழி செய்தாக வேண்டும். அந்தக் கெடு நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. மதுரை மாவட்டத்து எழுமலையிலிருந்து வந்த அஞ்சலட்டை சுற்றிவளைக்காமல் கேட்டிருக்கிறது: “முதல் பக்கத்தில் அமளி, அவை ஒத்திவைப்பு என்று போடுகிறீர்கள். உள்பக்கத்தில் மசோதா நிறைவேறியது என்று போடுகிறீர்கள். சபை நடந்ததா, நடக்கவில்லையா?” இன்னொரு வாசகருக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாக் கட்சிக்காரர்களையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்ப வழியுண்டா என்று கேட்கிறார்.

சபை நடக்கவில்லை, மசோதாவும் நிறைவேறியது. இரண்டு செய்தியும் சரிதான்.

2025 மழைக்காலக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்வோம். ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை நடந்தது. பீகார் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் பற்றி விவாதிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அரசு மறுத்தது. மக்களவைக்கு 120 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், நடந்தது சுமார் 37 மணி நேரம். பட்டியலில் இருந்த 419 நட்சத்திரக் கேள்விகளில் 55-க்குத்தான் அமைச்சர்கள் எழுந்து பதில் சொன்னார்கள். ஆனால் அதே கூட்டத்தொடரில் மக்களவையில் 12 மசோதாக்கள் நிறைவேறின. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 536 பிரிவுகள் கொண்ட மசோதா ஆகஸ்ட் 11 அன்று அறிமுகமாகி, அன்றைக்கே விவாதமில்லாமல் நிறைவேறியது. (அதன் முந்தைய வடிவத்தைத் தேர்வுக் குழு ஒன்று அலசியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆன்லைன் விளையாட்டு மசோதா ஆகஸ்ட் 20 அன்று அறிமுகமாகி அன்றே மக்களவையைத் தாண்டியது. 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல். எழுமலை பேரூராட்சியில் ஒரு சான்றிதழ் வாங்கக்கூட இதைவிட அதிக நாள் ஆகும்.

ஆக, ‘நாடாளுமன்ற முடக்கம்’ என்று நாங்கள் எழுதும்போது முடங்குவது அரசு அல்ல. அரசைக் கேள்வி கேட்கும் நேரம்தான் முடங்குகிறது. கேள்வி நேரம், பூஜ்ய நேரம், வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரும் தனிநபர் மசோதா எல்லாம் நின்றுபோகும். அரசின் மசோதா நிற்காது. இதற்குக் காரணமான விதிகள் மிகவும் சாதாரணமானவை. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

மக்களவையில் முடிவெடுக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர் ஆதரிப்போரை ‘ஆம்’ என்னச் சொல்வார், எதிர்ப்போரை ‘இல்லை’ என்னச் சொல்வார். எந்தச் சத்தம் பெரிது என்று அவருக்குத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் வென்றதாக அறிவிப்பார். யாரும் தலையை எண்ணுவதில்லை, பெயரும் பதிவாவதில்லை. இரண்டாவது வழி பிரிவு வாக்கெடுப்பு. உறுப்பினர் ஒருவர் சபாநாயகரின் தீர்ப்பை ஏற்காமல் கேட்டால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், கதவுகளைச் சாத்துவார்கள், அவரவர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகும்.

சூட்சுமம் ‘அவரவர் இருக்கையில்’ என்பதில் இருக்கிறது. பதாகை பிடித்துக்கொண்டு சபையின் மையப்பகுதியில் நிற்பவர் பிரிவு வாக்கெடுப்பு கேட்டால், முதலில் இடத்துக்குப் போங்கள் என்பார்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சிகள் பிரிவு வாக்கெடுப்பு கேட்டன. கேட்டவர்கள் இருக்கையில் இல்லை என்று துணைத் தலைவர் ஹரிவன்ஷ் தரப்பில் விளக்கம் வந்தது, மசோதாக்கள் குரல் வாக்கிலேயே நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை ரத்து செய்யும் மசோதா இரு அவைகளிலும் நிமிடங்களில் முடிந்தது. கொண்டுவந்தது அமளியில், திரும்பப் பெற்றது விவாதமில்லாமல்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எதிர்க்கட்சியின் ஆயுதங்களில் பெரும்பாலானவை எண்ணிக்கையை நம்பியவை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுக்க 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும், சபாநாயகர் எண்ண வேண்டும். எண்ணுவதற்குச் சபை ஒழுங்காக இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தலை எண்ண முடியாது, ஆனால் மைக் கையில் இருப்பவர் அறிவிப்பை வாசித்துக்கொண்டே போகலாம். நாடாளுமன்றத்திலும் அதேதான்: எண்ண வேண்டிய காரியம் அமளியில் நிற்கும், எண்ண வேண்டாத காரியம் அமளியில் ஓடும். மைக் எப்போதும் ஆளுங்கட்சியின் பக்கம்.

இதற்கு உரைகல் 2018 பட்ஜெட் கூட்டத்தொடர். நம் ஆட்களும் அதில் நடுநாயகம். காவிரி வழக்கில் பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆறு வாரத்தில் செயல்திட்டம் அமைக்கச் சொல்லியிருந்தது. மார்ச் 29 கெடு. தமிழ்நாட்டில் 37 தொகுதிகளை வைத்திருந்த அதிமுகவின் எம்.பி.க்கள் மேலாண்மை வாரியம் கேட்டுத் தினமும் சபையின் மையப்பகுதிக்கு வந்தார்கள். எழுமலை அடங்கிய தேனித் தொகுதியும் அப்போது அதிமுகவிடம்தான். ஆந்திரக் கட்சிகள் சிறப்பு அந்தஸ்து கேட்டன, தெலங்கானாக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டார்கள், காங்கிரஸ் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைக் கையில் எடுத்தது. எல்லாருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

அந்த அமளிக்கு நடுவே மார்ச் 14 அன்று நாட்டின் மொத்தச் செலவும் நிதி மசோதாவும் சுமார் அரை மணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. இரண்டு நாள் கழித்து தெலுங்கு தேசம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சிகளின் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ்கள் வந்தன. சபை ஒழுங்காக இல்லை, தலைகளை எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் ஒத்திவைத்தார். அடுத்த அமர்விலும் அதே காரணம். ஏப்ரல் 6 வரை அதே கதைதான். அடுத்த தொடரில் மீண்டும் கொடுத்த தீர்மானம்தான் ஜூலை 20-இல் விவாதத்துக்கு வந்து 325-க்கு 126 என்று தோற்றது. காவிரிக்கான கோஷம் டெல்லி அரசுக்குக் குடை பிடித்தது. திட்டமிட்டுத்தான் பிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, விளைவைச் சொல்கிறேன். காவிரி ஆணையமும் அந்தக் கோஷத்தால் வரவில்லை. ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து நிலங்களுக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் கிடையாது என்பது வேறு. இங்கே வைகை அணையிலிருந்து வரும் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்களா என்பதுதான் பேச்சு.

அந்த அரை மணி நேரத்தில் ஓடிப்போன இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை பாஜகவும் காங்கிரசும் மீறியதாக 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2018 நிதி மசோதாவுக்குள் இருந்த ஒரு சிறு பிரிவு, நன்கொடைக்கான விளக்கத்தை 1976 வரை பின்தேதியிட்டு மாற்றியது. 42 ஆண்டுக்கான சலுகை, ஒரு தேதி மாற்றத்தில். இரு கட்சிகளும் அதில் பயனாளிகள். ஒன்று மேசையைத் தட்டியது, மற்றொன்று கோஷம் போட்டது, பிரிவு நிறைவேறிவிட்டது. கட்சிச் சண்டையால் எதுவும் நடப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

பட்ஜெட்டில் இது விபத்து அல்ல, விதியிலேயே இருக்கிறது. ‘கில்லட்டின்’ என்பார்கள். துறைவாரியான மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாள் மாலை, பேசப்படாத அத்தனை கோரிக்கைகளையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். அமளியே இல்லாத ஆண்டிலும் சில அமைச்சகங்களின் செலவுதான் விவாதத்துக்கு வரும். நேரச் சிக்கனம் என்பது அதிகாரப்பூர்வ விளக்கம். நேரத்தை யார் குறைத்தார்கள் என்று விளக்கம் சொல்லாது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது, பதினேழாவது மக்களவை 55 நாள்.

ஒவ்வொரு தொடர் முடிவிலும் அரசுத் தரப்பு வாசிக்கும் ‘உற்பத்தித்திறன்’ சதவீதத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். திட்டமிட்ட நேரத்தில் எத்தனை மணி நேரம் சபை நடந்தது என்ற கணக்கு அது. நாளைக் குறைத்துத் திட்டமிட்டால் சதவீதம் தானாக ஏறும். விவாதம் நடந்ததா, அமைச்சர் பதில் சொன்னாரா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

எழுமலைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். எழுமலை பேரூராட்சி என்பதால் ஊருக்குள் நூறு நாள் வேலை கிடையாது. சுற்றியுள்ள மள்ளப்புரம், உத்தப்புரம் போன்ற ஊர்களில் மண்வெட்டியும் சட்டியுமாக ஓடைக்கரைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கோடைக்காலச் சம்பளம். அந்த வேலையைத் தந்த சட்டத்துக்கான மசோதா 2004 டிசம்பரில் அறிமுகமானது. எதிர்க்கட்சியான பாஜகவின் கல்யாண் சிங் தலைமையிலான நிலைக்குழு அதை அலசியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, கிராமத்துக் குடும்பம் எதற்கும் உண்டு என்று மாறியது. 2005 ஆகஸ்ட் 23 அன்று மக்களவை நிறைவேற்றியது. எட்டு மாதம் ஆனது.

அதற்குப் பதிலாக வந்திருக்கும் ‘விக்சித் பாரத் – ஜி ராம் ஜி’ மசோதா 2025 டிசம்பர் 16 அன்று அறிமுகமானது. நிலைக்குழுவுக்கு அனுப்பக் கேட்டார்கள், அனுப்பவில்லை. 17-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியும் விவாதம் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. 18 அன்று எதிர்க்கட்சியினர் மசோதா நகலைக் கிழித்து வீச, குரல் வாக்கில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் அன்று நள்ளிரவு கடந்ததும் அதேபோல். 21 அன்று ஒப்புதல். வேலை நாள் 125 ஆகும் என்பது அறிவிப்பின் கொட்டை எழுத்து. கூலிச் சுமையில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் விழும், விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலை நிறுத்தப்படும் என்பது சின்ன எழுத்து. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. மாநிலத்திடம் பணம் இல்லாத மாதம் என்ன ஆகும் என்ற கேள்விதான் நிலைக்குழுவில் முதலில் வந்திருக்கும். பதினைந்தாவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, பதினேழாவதில் 16 சதவீதம்.

பிரிவு வாக்கெடுப்பு நடந்தாலும் அரசுதானே ஜெயிக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜெயிக்கும். ஆனால் எண்ணினால் சில விஷயங்கள் வெளியே வரும். ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்தபோது 269-க்கு 198 என்று பதிவானது. அறிமுகத்துக்கு அது போதும். ஆனால் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், வாக்களித்த 467 பேரில் அது 312. அரசிடம் அது இல்லை என்பது அன்று ஊருக்கே தெரிந்தது. வக்ஃப் மசோதா 2025 ஏப்ரலில் மணிக்கணக்கில் விவாதிக்கப்பட்டு 288-க்கு 232 என்று பதிவானது. இரு தரப்புக்கும் தங்கள் பெயர் பதிவாக வேண்டும் என்று இருந்தால் அமளி வராது போலிருக்கிறது.

பாஜக மட்டும்தான் இப்படியா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மசோதாவை காங்கிரஸ் அரசு குரல் வாக்கில் நிறைவேற்றியபோது தொலைக்காட்சி நேரலையே நின்றுபோயிருந்தது. 2ஜி விவகாரத்தில் 2010 குளிர்காலத் தொடர் முழுவதையும் பாஜக தலைமையில் எதிர்க்கட்சிகள் நடக்கவிடவில்லை, அடுத்த ஆண்டு கூட்டுக் குழு கிடைத்தது. அமளிக்கும் பலன் உண்டு, எப்போதாவது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

எழுமலைக்கு எம்.பி. யார்? மாவட்டம் மதுரை, வட்டம் பேரையூர், சட்டமன்றத் தொகுதி உசிலம்பட்டி, மக்களவைத் தொகுதி தேனி. எனவே தங்க தமிழ்ச்செல்வன். மதுரை எம்.பி. சு. வெங்கடேசனுக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வேலை செய்யாத எம்.பி.யைத் திரும்ப அழைக்கலாமா? சட்டம் இல்லை.

அமளி செய்தால் படி பிடிப்பார்களா? வருகை பதிவானால் நாளுக்கு 2,500 ரூபாய் உண்டு.

அமளி செய்பவர்களை இடைநீக்கம் செய்தால் சரியாகுமா? 2023 டிசம்பரில் 146 பேரைச் செய்தார்கள். அந்த நாட்களில்தான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின.

எம்.பி. கட்சியை மீறி வாக்களிக்கலாமா? கொறடா உத்தரவை மீறினால் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம்.

நீதிமன்றம் போகலாமா? சபை நடைமுறையில் குறை என்று மட்டும் சொல்லிப் போக முடியாது, அரசியல் சட்டத்தின் 122-ஆவது பிரிவு தடுக்கிறது.

துணை சபாநாயகர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் உதவுமா? 2019-இல் தம்பிதுரையின் காலம் முடிந்ததிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

நிமிடத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் நஷ்டமாமே? 2012-இல் அப்போதைய அமைச்சர் சொன்ன கணக்கு. சபை நடந்தாலும் அந்தச் செலவு உண்டு.

நூறு நாள் வேலைச் சட்டத்தை மாற்றியபோது எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது? பார்க்க முடியாது. குரல் வாக்கு.