பிரம்பைக் கீழே வைத்த பிறகு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன தகப்பனார், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று உபாத்தியாயரிடம் சொல்லிவிட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைக்கூட ஊரார் குற்றமாக எண்ணியதில்லை. அந்தக் கொடுமைக்கு அடியில், பிள்ளையை முழுவதும் ஒப்படைத்துவிட்டோம் என்ற பெரிய விசுவாசம் ஒன்றும் கிடந்தது. பிரம்பைப் பறித்துக்கொண்ட இன்றைய சட்டம் அந்த விசுவாசத்தை முன்னிலும் பாரமாக்கி ஆசிரியரின் தோளில் ஏற்றியிருக்கிறது என்பதே என் எண்ணம்.

பிரம்புக்கு நெடுங்காலம் சட்டத்தின் நிழல் இருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்த காரியம் குற்றமாகாது என்று சொன்னதால், அடித்த ஆசிரியர் அதன் கீழ் ஒதுங்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டில் டில்லி உயர் நீதிமன்றம், சரீர தண்டனைக்கு இடந்தந்த அவ்வூர்ப் பள்ளி விதியை அரசியல் சாசனத்துக்கு விரோதமானதென்று தள்ளியது. 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகளும் திருத்தப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளை அடிப்பதோடு, அவர்கள் மனத்தைத் துன்புறுத்துவதையும் தன் 17-ஆம் பிரிவில் விலக்கியது. இந்த இரண்டாவது விலக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன்; பிரம்படியின் தழும்பு சில நாளில் மறைந்துபோக, வகுப்பின் நடுவே 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளை அந்தப் பெயரோடேயே வளர்ந்துவிடுகிறது.

அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு, நேரந்தவறாமை, பாடத்திட்டத்தை முடித்தல், பெற்றோரைச் சந்தித்தல் முதலிய கடமைகளைச் சொல்கிறது. 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனி டியூஷன் நடத்துவதைத் தடுக்கிறது. இவற்றினிடையே, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, வேண்டுமானால் கூடுதலாகவும் போதிக்க வேண்டும் என்ற ஒரு கடமை இருக்கிறது. அருகில் போய் உட்காராமல் இதைச் செய்ய இயலாது. ஆசிரியராகத் தகாதவருக்கு நன்னூலில் பவணந்தி முனிவர் காட்டிய உவமைகளுள் மடற்பனை ஒன்று: தானாக விழுந்த பழத்தைப் பொறுக்கிக்கொள்ளலாமே தவிர, கருக்கு மட்டை சூழ்ந்த அம்மரத்தில் ஏறிப் பறிக்க எவராலும் ஆகாது. அத்தகைய ஆசிரியரிடம் கடைசிப் பெஞ்சுப் பிள்ளை சந்தேகமும் கேட்காது. தனக்கு நேர்ந்த துன்பத்தையும் வாய்திறந்து சொல்லாது.

அந்தத் துன்பத்தைப் பற்றியதே எல்லாவற்றிலும் கடுமையான கடமை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தாலும், ஆளாகக்கூடும் என்ற அச்சம் தோன்றினாலும், போலீசுக்கோ சிறார்க்கான தனிக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையில் சிறை விதிக்கலாம். தமக்குக் கீழ் வேலை செய்பவர் இழைத்த குற்றத்தை மறைத்த நிர்வாகத் தலைவருக்கு அது ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் எந்த வழக்கும் நில்லாது என்ற பாதுகாப்பும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லையென்று வழக்குக்கு உள்ளான மருத்துவரை உயர் நீதிமன்றம் விடுவித்திருக்க, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மீண்டும் நடத்தச் செய்தது.

'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்', 'பெண்பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துப் பாருங்கள்', 'உள்ளேயே விசாரித்து முடித்துவிடலாம்' என்று ஆசிரியர் அறையில் எழும் குரல்கள் எத்தனை கனிவாக ஒலித்தாலும், அவற்றுக்கு இணங்குவது சட்டப்படி குற்றம். நேற்றுவரை கலகலவென்றிருந்து இன்று உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகமும் அதுவே. அதனிடம் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கலாகாது. கொடுத்தால் காப்பாற்ற முடியாது. குறுக்குக் கேள்விகளால் குடையாமல், அது சொன்ன சொற்களைச் சொன்னபடியே தேதியிட்டு எழுதிவைத்துக்கொண்டு, அன்றைக்கே காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். மறுநாள் அந்தக் குழந்தை வகுப்புக்கு வரும்போது, எல்லோரையும் அழைப்பது போலவே அதையும் பெயர் சொல்லி அழைத்துப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.