வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: கிளிப்புகளை ஒட்டும்போது ஆடியோ ஏன் விலகுது?

நாவலூர், சிறுசேரி பக்கம் ஐடி வேலை பார்த்துக்கிட்டே வார இறுதியில் சொந்தமா சேனல் நடத்துறவங்களுக்கான பதிவு இது.

நாலைந்து கிளிப் எடுத்து ஒட்டுறீங்க. முதல் நிமிஷம் சரியா இருக்கு. போகப் போக உதட்டுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. உடனே பலர் காசு கொடுத்து எடிட்டிங் சாஃப்ட்வேர் வாங்கிடுறாங்க. உதாரணத்துக்கு மாசம் 2,000 ரூபாய் சந்தான்னா வருஷத்துக்கு 24,000. பெரும்பாலும் அது தேவையே இல்லை.

ஆனா பிரச்சினையை அப்படியே விடவும் கூடாது. பழைய வரி முறையில் 80சி வரம்பு 1,50,000. என்பிஎஸ்-க்குக் கூடுதலா 50,000. நீங்க முதல் எண்ணைச் சொல்லும்போது திரையில் அடுத்த ஸ்லைடு வந்துட்டா, பார்க்குறவர் தப்பான எண்ணைக் குறிச்சுக்குவார்.

முதல்ல வித்தியாசத்தைப் பாருங்க

கேஷ் புக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகலைன்னா, ஆடிட்டர் முதல்ல கேட்கிறது: வித்தியாசம் மாசா மாசம் ஒரே தொகையா, இல்ல வளருதா? இங்கேயும் அதே கேள்விதான்.

புளூடூத் ஹெட்செட்டே சத்தத்தைத் தாமதப்படுத்தும். அதனால வயர் இயர்ஃபோன்ல கேளுங்க. விண்டோஸ் விஎல்சி பிளேயர்ல ஜே, கே பட்டன்கள் ஆடியோவை 50 மில்லி செகண்ட் முன்னே பின்னே நகர்த்தும். வீடியோவோட ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்தில் எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்குன்னு குறிச்சுக்கோங்க.

1. மூணு இடத்திலும் ஒரே அளவு: ஓப்பனிங் பேலன்ஸ் தப்பு மாதிரி. எடிட்டரில் ஆடியோ டிராக்கை அந்த அளவு நகர்த்தினா முடிஞ்சது.

2. சீரா வளருது: வட்டி விகிதம் தப்பு மாதிரி. நகர்த்துறது உதவாது. ஒரு கிளிப் நொடிக்கு 30 ஃப்ரேம், இன்னொண்ணு 29.97-னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே வேகம்னு எடுத்துக்கிட்டா ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். போன் கேமரா வெளிச்சம் குறைஞ்சா ஃப்ரேம் எண்ணிக்கையைத் தானே மாத்தும். அதுவும் இதே வேலையைப் பண்ணும். 44,100 ஹெர்ட்ஸ் ஆடியோவை 48,000-னு நினைச்சு ஓட்டினா, 10 நிமிஷப் பேச்சு 9 நிமிஷம் 11 நொடியில் முடிஞ்சுடும். குரலும் கீச்சுனு ஆகிடும்.

3. ஒவ்வொரு ஒட்டுலயும் தாவுது: 48,000 ஹெர்ட்ஸ் ஏஏசி ஆடியோ ஒரு துண்டு சுமார் 21 மில்லி செகண்ட். 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு படம் 33. அதனால ஒரு கிளிப்ல ரெண்டும் ஒரே புள்ளியில் முடியறது அபூர்வம். ரீ-என்கோட் பண்ணாம அப்படியே ஒட்டினா அந்தப் பாக்கி அடுத்ததுக்குப் போகலாம். ஒட்டுக்கு 20 மில்லி செகண்ட்னா, 20 ஒட்டுல 400. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலோ 125 பிந்தினாலோ மனுஷனுக்குத் தெரிய ஆரம்பிச்சுடும்.

சரி பண்ற வழி (எல்லாம் இலவசம்)

- மீடியாஇன்ஃபோவில் ஒவ்வொரு கிளிப்பையும் திறங்க. ஃப்ரேம் ரேட் மோடு 'வேரியபிள்'னு இருக்கா, ஆடியோ எத்தனை ஹெர்ட்ஸ்னு பாருங்க.
- ஹேண்ட்பிரேக்கில் எல்லாத்தையும் 30, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்', ஆடியோ 48-னு மாத்துங்க. 'பீக் ஃப்ரேம்ரேட்'ல விட்டுடாதீங்க.
- அதுக்கப்புறம் ஷாட்கட் மாதிரி எடிட்டரில் டைம்லைன்ல வெச்சு ஒட்டுங்க.
- தனி மைக்ல பதிவு பண்ணா, கிளிப் ஆரம்பத்திலும் கடைசியிலும் ஒரு கைதட்டு. ரெண்டு இடத்திலும் பொருந்தினா நடுவிலும் பொருந்தும்.
- ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க.

'சாஃப்ட்வேர் வாங்கினா செலவா காட்டிக்கலாமே'ன்னு கேட்பீங்க. சேனல் வருமானத்துக்கு எதிரா முழுசா கழிக்க முடிஞ்சாலும், 20% ஸ்லாபில் 24,000-க்கு மிச்சமாகிற வரி 4,800, செஸ் தனி. பாக்கி 19,200 உங்க பாக்கெட்ல இருந்துதான். முதல்ல இந்த அஞ்சையும் செஞ்சு பாருங்க. அப்பவும் சரியாகலைன்னா வாங்குறதைப் பத்தி யோசிங்க.