பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் நெல்லிக்குப்பம் கெடிலம், தென்பெண்ணை ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். 2015 மழையிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகையில் செய்த அலமாரி தண்ணீரில் நின்றால் ஊதிப் பொரிந்துவிடும். பிறகு திருகாணிகூடப் பிடிக்காது. தேக்கு அலமாரியை நிழலில் உலர்த்தி, தளர்ந்த மூட்டைத் தட்டிப் பூட்டி மறுபடி புழங்கலாம். பழைய மரச்சாமான் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம். பின்னால் யாரோ பிரித்துப் பழுது பார்ப்பார்கள் என்று எண்ணியே அந்தக் கால ஆசாரிகள் வேலை செய்திருக்கிறார்கள்.

பக்கத்தில் புதுச்சேரியிலேயே பழைய சாமான் கடைகள் உண்டு. நிறையப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் தேக்கு கொண்டுவந்து கட்டிய வீடுகள் பிரிபடும்போது கதவும் பெட்டகமும் சாய்வு நாற்காலியும் அங்கே வந்து சேரும்.

எந்தக் கடையிலும் முதலில் காதில் விழுவது ‘பர்மா தேக்கு’தான். சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் மறைத்ததை அடிப்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். லேசாகச் சுரண்டினால் தேக்கில் எண்ணெய்ப் பசையும் தனி வாசனையும் தெரியும். மஞ்சளாக இருந்தால் பலாவாக இருக்கலாம். பலாவும் நாளாக ஆகக் கருத்துத் தேக்கின் சாயலுக்கு வந்துவிடும். அதற்காக ஒதுக்க வேண்டாம். தஞ்சாவூர் வீணை செய்கிற மரம் அது. 

அடுத்து உளுப்பு. மரத்தின் நடுவில் இருப்பது வைரம்; பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதி வெள்ளை. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் உளுத்துப் பூச்சி அங்கேதான் முட்டையிடும். குண்டூசித் தலை அளவில் தெரியும் ஓட்டை, பூச்சி உள்ளே போன வழி அல்ல. புழு உள்ளே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியேறிய வழி. ஆகவே ஓட்டையைக் கண்டதும் பயப்பட வேண்டாம். கீழே வெள்ளைத்தாளை விரித்துக் கட்டையைத் தட்டுங்கள். மைதா போல மாவு புதிதாகக் கொட்டினால், உள்ளே இன்னும் புழு இருக்கலாம்.

மூட்டைப் பாருங்கள். ஒரு கட்டையில் துளை, மறுகட்டையில் கழுந்து, குறுக்கே மர ஆணி. சில சாமான்களில் வச்சிரப் பசையும் இருக்கும். விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும் என்பதால், மரம் பிளக்காமல் மூட்டைக் கழற்ற முடிகிறது. பாலிஷும் அப்படித்தான். அவலரக்கைச் சாராய ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தது அது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. முழுக்கச் சுரண்டாமல் மேலேயே புதுப் பூச்சுக் கொடுக்கலாம்.

விளக்கில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பித்தளைத் தொங்குவிளக்கின் உடலும் கண்ணாடியும் எத்தனை பழையதானாலும் சரி. உள்ளே ஓடும் ஒயர் புதிதாக இருக்க வேண்டும். பழைய ஒயரின் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கி, கம்பி வெறுமனே உலோகத்தைத் தொடும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எர்த் சேர்ந்த மூன்று கம்பி ஒயர் போடுங்கள். இரண்டு முள் பல்பு மாட்டும் ஹோல்டரின் 22 மில்லிமீட்டர் அளவு அன்றிலிருந்து மாறவில்லை. ஹோல்டர் நல்ல நிலையில் இருந்தால், 60 வாட் குண்டு பல்பு எரிந்த அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டலாம், சூடு குறைவதால் பழைய கண்ணாடிக் கூண்டுக்கும் நல்லது.