தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது?

விடியுமுன் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தாலோ, மங்கில் சேர்ந்த பால் வழிந்து மண்ணோடு போகும். ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். இவை நம் பாட்டனார் காலத்திலிருந்தே நாம் அறிந்தவை. ஆயினும் கடைக்கணக்கு ஏறும்போதெல்லாம், எதிர்பாராத கஷ்டம் வந்துவிட்டதென்று கூறிக்கொள்கிறோம். ஆண்டுதோறும் தவறாமல் வருவதை எதிர்பாராதது என்பது பொருந்துமா?

உண்மையிலேயே சொல்லாமல் வருவன வேறு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் பெருமழை பெய்தது. ஆண்டிறுதி வெள்ளம் கிழக்குக் கரைக்கே உரியதென்று எண்ணியிருந்த ஷா ஆலாம், உலு லங்காட் வட்டாரங்களில் பலர் கூரைமீதேறி உயிர் காத்துக்கொள்ள நேர்ந்தது. வெள்ளம் வடிந்தபின், சேற்றில் ஊறிய அடையாளக் கார்டுக்கும் பிறப்புப் பத்திரத்திற்கும் மாற்றுப் பெற அலைந்தவர்களும் உண்டு.

வெள்ளம் எல்லார் வீட்டிற்கும் வாராது. குடும்பத் தலைவர் திடீரெனப் படுக்கையில் விழுவதோ, மறைந்துவிடுவதோ எவ்வீட்டிலும் நேரலாம். இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்ப்போம். குடும்பத்தின் பத்திரங்கள் எங்குள்ளன, சேமநிதிக் கணக்கின் விவரம் யாது என்பவற்றைக் கணவரைக் கேளாமல் மனைவியால் கூற இயலுமா? பல வீடுகளில் இயலாது. தகரப் பெட்டி ஒருவருடையது, சாவியும் அவருடையதே.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோ, தீம்பாரில் நேரும் விபத்துக்கு மட்டுமே உரியதென்று பலர் நினைக்கின்றனர். வேலைக்குச் செல்லும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் அடங்கும். விபத்தினால் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு அளிக்கப்பட்டால், சராசரி நாள்கூலியில் 80 விழுக்காடு என்னும் கணக்கில் உதவித்தொகை உண்டு. ஆனால் மண்டோரிடம் வாய்ச்சொல்லாகக் கூறிவிட்டு, காயத்தில் மருந்தெண்ணெய் தடவிக்கொண்டு, இரு வாரம் கழித்து டாக்டரிடம் செல்பவருக்கு, அது வேலையில் நேர்ந்த காயமென்று நிலைநாட்டுவது எளிதன்று. அன்றே அலுவலகத்தில் பதிவு செய்து, மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

சேமநிதியிலோ சிக்கல் வேறு வகையானது. மணமாகுமுன் வேலையில் சேர்ந்த இளைஞர் தம் தாயாரின் பெயரை நியமனத் தாளில் எழுதுவார். பின்னர் மணமாகும், மக்கள் பிறப்பர், தாளை மட்டும் மறந்துவிடுவார். மணம் செய்துகொண்டதால் அந்நியமனம் தானாக மாறிவிடுவதில்லை. அவர் மறைந்தால், பணம் பெயர் குறிக்கப்பட்ட தாயாரையே சேரும். தாயார் முன்னரே காலமாகியிருந்தால் அந்நியமனம் செல்லாது. நியமனமே இல்லாதவரின் குடும்பம் படும் அலைச்சலை, துக்கம் ஆறாத மனைவி மக்கள் பட நேரும். இத்தனைக்கும், நியமனத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம். சேமநிதி அலுவலகத்திற்கு ஒருமுறை சென்று வந்தால் முடியும் காரியம்.

பிறருக்கு எடுத்துரைப்பது எளிது. இக்கட்டுரைக்கென விவரம் திரட்டுகையில், எம்முள் ஒருவர் தம் தாளை எடுத்துப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமான தந்தையாரின் பெயரே அதில் இருந்தது. மறுநாள் காலை அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் உடனழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்பட்டார்.