வேதியியல் பட்டத்துக்குக் கல்விக் கடன்: வருமானம் மாதத் தவணையைத் தாங்குமா?

புதுடெல்லி: பி.எஸ்சி வேதியியல் சேர்க்கைக் கடிதத்துடன் வங்கிக் கிளைக்குச் செல்லும் மாணவரிடம் கடன் தொகையும் வட்டி விகிதமும் முதலில் சொல்லப்படுகின்றன. தவணை தொடங்கும் நாளில் அவருக்கு என்ன வருமானம் இருக்கும் என்ற பேச்சு அங்கு பெரும்பாலும் எழுவதில்லை. வேதியியல் படிப்பைப் பொறுத்தவரை, கடன் சுமையாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்வியே.

இப்பட்டத்துக்கான வருமானம் படிப்படியாகவே உயர்கிறது. ஹைதராபாத், குஜராத்தின் அங்கலேஷ்வர், வாபி, இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி போன்ற மருந்து மற்றும் ரசாயன உற்பத்தி மையங்களில் உள்ள ஆலைகள், பி.எஸ்சி முடித்தவர்களைத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களிலும் உற்பத்திப் பிரிவுகளிலும் பணியமர்த்துகின்றன. ஆனால், ஆய்வு மற்றும் மேம்பாட்டுப் பணிகளுக்கு எம்.எஸ்சி அல்லது முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. கேந்திரிய வித்யாலயாவில் முதுநிலை வேதியியல் ஆசிரியருக்கான தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 47,600 ரூபாய். அந்தப் பணிக்கும் எம்.எஸ்சியுடன் பி.எட். தேவை. ஆக, நல்ல ஊதியம் தரும் பணியை எட்ட ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ படிக்க வேண்டியுள்ளது.

கடனின் கடிகாரம்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. பிறகு அதிகபட்சம் 15 ஆண்டுகளில் கடனை அடைக்கலாம். தவணை இல்லாத காலத்திலும் தனி வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்; அதனைச் செலுத்தாவிட்டால் பின்னர் அசலுடன் சேர்ந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டின் தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 10 சதவீத வட்டியில் கடன் பெறப்படுகிறது எனக் கொள்வோம். முதல் ஆண்டில் வாங்கிய லட்சத்துக்கு ஆறு ஆண்டு வட்டி 60,000 ரூபாய். கடைசி ஆண்டில் வாங்கியதற்கு 20,000 ரூபாய். இவ்வாறு சேரும் வட்டி மட்டும் 2 லட்சம் ரூபாய். 5 லட்சம் வாங்கியவர் தவணை தொடங்கும் நாளில் 7 லட்சத்துக்குக் கடனாளி. அதனைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 9,250 ரூபாய் செலுத்த வேண்டும். 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் தவணை சுமார் 7,520 ரூபாயாகக் குறையும். ஆனால், மொத்தமாகச் செலுத்தும் தொகை 11.1 லட்சத்திலிருந்து 13.5 லட்சத்துக்கு உயர்ந்துவிடும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியைச் செலுத்தி வந்தால் 5 லட்சத்துக்கு மட்டுமே தவணை கணக்கிடப்படும். பத்து ஆண்டுத் தவணை சுமார் 6,600 ரூபாய். முதல் ஆண்டில் இதற்கு மாதம் 830 ரூபாய் போதும். ஐந்தாம் ஆண்டில் அது 4,170 ரூபாயை நெருங்கும். எல்லாக் குடும்பங்களாலும் இது இயலாது. இயன்ற குடும்பங்கள்கூட இந்த வழியைக் கேட்டறிவதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

வாங்கும் ஊதியத்தில் கால் பங்கு வரை தவணைக்கு ஒதுக்குவது தாங்கக்கூடியது என்று கொண்டால், 9,250 ரூபாய் தவணைக்கு மாதம் 37,000 ரூபாய் கையில் கிடைக்க வேண்டும். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகும் மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதந்தோறும் பெறுவதும் அதே 37,000 ரூபாய்தான். அதன்பின் 42,000 ரூபாய். இந்த விகிதம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இத்தேர்வில் தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்கு யுஜிசி வழங்கும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அது தவணைக்கே போதாது. ஒரே துறை, ஒரே ஆய்வகம், ஒரே கடன்; ஆனால், ஒரு தேர்வின் முடிவு இருவரின் நிலையையும் தலைகீழாக்கிவிடுகிறது.

மூன்றாண்டு பி.எஸ்சிக்கு மட்டும் 3 லட்சம் ரூபாய் கடன் பெற்றால் தவணை தொடங்கும்போது அது 3.9 லட்சமாக இருக்கும். பத்து ஆண்டுத் தவணை சுமார் 5,150 ரூபாய். அதே கால் பங்குக் கணக்கில் ஏறத்தாழ 20,600 ரூபாய் ஊதியம் தேவை. ஆலையில் முதல் வேலைக்குச் செல்பவர் தமக்குச் சொல்லப்படும் ஊதியத்தை, பிடித்தம் போகக் கையில் வரும் தொகையாக மாற்றி இதனுடன் ஒப்பிட வேண்டும்.

கடனைக் குறைக்கும் வழிகள்

வேதியியலுக்குச் சாதகமான ஓர் அம்சம், அதனைக் குறைந்த செலவில் படிக்க முடியும் என்பது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி முடித்து, ஜாம் தேர்வு வழியாக ஐஐடியில் எம்.எஸ்சி சேர்வது பல மாணவர்கள் பின்பற்றும் பாதை. இளநிலையிலேயே தனியார் நிறுவனத்தில் பெருந்தொகை செலவிட்டால், பின்னர் முதுநிலைக்குக் கடன் பெறும் வரம்பு சுருங்கிவிடும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்வு செய்யப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் சேர்வோர் பிணையின்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்து மாணவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால், இச்சலுகை ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்கே. அரசு நிறுவனங்களில் தொழில்நுட்ப, தொழிற்கல்வி பயில்வோருக்கு முன்னுரிமை தரப்படுகிறது. பொது அறிவியல் பட்டம் படிப்பவர் மானியம் உறுதியெனக் கருதிக் கணக்குப் போடுவது பாதுகாப்பானதாக இருக்காது.

பி.எஸ்சிக்கு மட்டும் கடன் பெற்றவர் எம்.எஸ்சி சேர விரும்பினால், தவணை இல்லாத காலம் முடிவதற்குள் அப்படிப்பைத் தொடங்கியிருந்தால் கூடுதல் கடன் கோரலாம். இதனை வங்கியிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகின்றனர். தவணை தவறினால் மாணவரின் கடன் மதிப்பெண்ணுடன் அவர்களுடையதும் சரியும். பின்னாளில் வீட்டுக் கடனுக்கோ அடுத்த பிள்ளையின் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.